அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கிவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். திண்டுக்கல்லில் அம்மாவோடு இருக்கிறார். தெருவில் யார் வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்றாலும் அவரிடம்தான் வரும். எட்டு வருஷமாக ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார். எனக்கு ஜிபே போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

ஒன்றரை வருஷமாக மாற்றம் தெரிகிறது. போன் அப்டேட் ஆனதிலிருந்து அழைப்பை எடுக்கத் தெரியாமல் திணறுகிறார். பால்காரருக்கு ஒரே மாதத்துப் பணத்தை இரண்டு தடவை அனுப்பினார். ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டு, "டிவி போச்சு" என்று இரண்டு நாள் பார்க்காமலே இருந்தார். மோட்டார் போட்டதை மறந்து தொட்டி நிரம்பி வழிகிறது. போன மாதம், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனிடம் ஓடிபி சொல்லி ரூ.9,000 போய்விட்டது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு "அல்சைமர், ஆரம்பக் கட்டம்" என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்.

"போனை வாங்கிட்டு ஒரு பட்டன் போன் கொடுத்துடு" என்கிறான் அண்ணன். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். மாதம் இரண்டு முறைதான் ஊருக்குப் போக முடிகிறது. போகும்போதெல்லாம் போனைச் சொல்லிக்கொடுக்கிறேன். தலையாட்டுகிறார், மறுநாள் மறந்துவிடுகிறார். நான் சலித்துக்கொண்டால் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று கோபப்படுகிறார். போனை வாங்கிவிடுவதுதான் சரியா? சொல்லிக்கொடுக்க வேறு வழி இருக்கிறதா?

— ஒரு மகள், கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போனை அவரிடமிருந்து வாங்க வேண்டாம். பணம் வெளியே போகும் வழியை மட்டும் இந்த வாரமே சுருக்கிவிடுங்கள். மற்றவற்றை நிதானமாக, அப்பாவையும் உட்காரவைத்துக்கொண்டு செய்யலாம்.

அண்ணன் சொல்வதிலுள்ள பயம் நியாயமானது. ஆனால் எட்டு வருஷம் ஸ்மார்ட்போனில் பழகிய கைக்கு பட்டன் போன் இன்னொரு புதுக் கருவி. அதையும் முதலிலிருந்து கற்க வேண்டும். போன் போவதோடு பேரப்பிள்ளைகளின் முகமும், நண்பர்களின் வாட்ஸ்அப்பும், நாலு பேர் அவரைத் தேடிப் பேசுவதும் போய்விடும். இந்த நோயில் மனிதர்கள் விலகிப்போவது தனியாக ஒரு கேடு. அதை நாமே தொடங்கிவைக்கக் கூடாது.

ஐந்து சம்பவம், ஐந்து காரணம்

நீங்கள் எழுதியிருக்கும் ஐந்தையும் "மறதி" என்ற ஒரே பைக்குள் போட்டுவிடாதீர்கள். பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும்.

பால்காரருக்கு இரண்டு முறை பணம் போனது ஏன்? பணம் அனுப்பும் முறை அவருக்கு மறக்கவே இல்லை. அனுப்பிவிட்டோம் என்ற நிகழ்வுதான் மனதில் பதியவில்லை. அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும்தான். இன்று காலை என்ன நடந்தது என்பதைப் பதிந்துவைக்கும் இடம் அது. கை பழகிய வேலைகளின் நினைவு மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருக்கிறது. அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

இந்த வேறுபாட்டை உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருக்கு மூளையின் இருபுறமும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிய நிகழ்வு எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் முந்தைய நாள் அதே பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. மனதுக்குத் தெரியாமலே கை கற்றுக்கொண்டது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு இருக்கும் வாசலும் இதுதான்.

அழைப்பை எடுக்க முடியாமல் போனது இரண்டாவது. வருஷக்கணக்காகச் சமைத்த அடுக்களையில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக டப்பாக்களை இடம் மாற்றிவைத்தது போல, அப்டேட் அவர் திரையை மாற்றிவிட்டது. கைப்பழக்கத்துக்குப் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். பட்டன் இருந்த இடத்தில் இருக்கும்வரை ஓடும், இடம் மாறினால் நின்றுவிடும்.

டிவி விஷயத்தில் தடுமாறியது பிரச்சினைக்கு வழி கண்டுபிடிக்கும் திறன். "சிக்னல் இல்லை" என்று திரையில் வந்தால் நீங்களும் நானும் இரண்டு மூன்று பட்டனை அழுத்திப் பார்ப்போம். எதை அழுத்தினோம், அடுத்து எதை அழுத்தலாம் என்று மனதில் வைத்துக்கொண்டே தேட வேண்டிய வேலை அது. மோட்டாரை நிறுத்த மறந்ததற்குக் காரணம், "அரை மணி கழித்து செய்ய வேண்டும்" என்பதை நினைவூட்டக் கண்முன்னே எதுவும் இல்லாதது. ஓடிபியைச் சொன்னதில் சந்தேகிக்கும் திறன் தளர்ந்திருக்கலாம். ஆனால் அவசரப்படுத்தி, பயமுறுத்திப் பேசும் குரலுக்கு நல்ல நினைவாற்றல் உள்ளவர்களும் தினமும் ஏமாறுகிறார்கள். அதற்காக அவர் மேல் தனியாக ஒரு பழி வேண்டாம்.

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லூயிஸ் நீகோர்ட் என்ற பேராசிரியரும் அவர் குழுவும், நினைவாற்றல் குறைந்தவர்கள் ரிமோட், போன், அடுப்பு போன்ற அன்றாடக் கருவிகளை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். லேசான குறைபாடு உள்ளவர்களுக்கே கருவிகள் சிரமமாகிவிடுகின்றன. அதேசமயம், ஒரே ஆளுக்கு ஒரு கருவி எளிதாகவும் இன்னொன்று கடினமாகவும் இருக்கும். "அவரால் முடியுமா, முடியாதா" என்ற மொத்தக் கேள்வியை விட்டுவிட்டு, "இந்தக் கருவியில், எந்தப் படியில் நிற்கிறார்" என்று கேளுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் எதையும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். அழைப்பு வந்தால் விரல் எங்கே போகிறது? எழுத்து தெரிகிறதா? மணி கேட்கிறதா? கண்ணாடியின் பவரையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். காது மந்தமாகி, அதை மறதி என்று வீட்டில் எண்ணிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அவர் போனில் எதையெல்லாம் செய்வதை நிறுத்திவிட்டார் என்று அம்மாவிடமும் கேளுங்கள். "சார்ஜ் இல்லை", "கண்ணாடியைக் காணோம்" என்று சொல்லி ஒதுங்குவது, தப்பு நடந்துவிடுமோ என்ற பயத்தின் அடையாளம். தப்பு செய்பவர் கண்ணுக்குத் தெரிவார். பயந்து விட்டுவிட்டவரை யாரும் கவனிப்பதில்லை.

போனை அவருக்கு ஏற்றபடி

முதல் திரையில் நாலைந்து விஷயத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் படம், அண்ணன் படம், அம்மா படம், பக்கத்து வீட்டில் நம்பகமான ஒருவர் படம். தொட்டால் நேராக அழைப்பு போகும்படி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. கூடவே வாட்ஸ்அப். சாம்சங் போன்களில் எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கும் "ஈஸி மோட்" உண்டு. ஐபோன் என்றால், அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே ஆப்பிள் 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் கொடுத்த "அசிஸ்டிவ் ஆக்சஸ்" இருக்கிறது. தேர்ந்தெடுத்த சில செயலிகள் மட்டும் பெரிய கட்டங்களாகத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்பா இப்போது ஒரு செயலியைத் தடையில்லாமல் திறக்கிறார் என்றால் அது இருக்கும் இடத்தை மாற்றாதீர்கள். தேவையில்லாததை எடுத்தால் போதும்.

அப்டேட்டுகள் தானாக நடப்பதை நிறுத்துங்கள். பாதுகாப்புக்காக அவை தேவைதான். அதனால் நீங்கள் ஊரில் இருக்கும்போது நீங்களே செய்யுங்கள், வந்த அன்றே. ஏதாவது இடம் மாறியிருந்தால் கிளம்புவதற்குள் பழைய நிலைக்குக் கொண்டுவரவோ அவருக்குப் பழக்கவோ நேரம் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்கவிடாமல் செய்யும் வசதி இருக்கிறது. அதைப் போடுங்கள். தொடர்பில் உள்ளவர்கள் மட்டுமே குழுக்களில் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள். சாதாரண அழைப்புகளிலும் தெரியாத எண்களைத் தடுக்க முடியும். ஆனால் மருத்துவமனை, எரிவாயு ஏஜென்சி, வழக்கமான ஆட்டோக்காரர் ஆகியோரின் எண்களைப் பெயரோடு சேமித்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். வணிக அழைப்புகளைக் குறைக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம்.

சொல்லிக்கொடுக்கும் முறை

"நல்லா யோசிங்கப்பா, நேத்து காட்டினேன்ல?" என்று கேட்பது நம் பழக்கம். யோசித்து, தப்பு செய்து, திருந்திக் கற்பது ஆரோக்கியமான மூளைக்குச் சரி. நாம் செய்த தப்பு நமக்கு நினைவிருக்கும், அடுத்த முறை தவிர்ப்போம். அப்பாவுக்குத் தப்பு என்பது மறந்துவிடும். ஆனால் கை செய்த அசைவு தங்கிவிடும். அடுத்த முறை அந்தத் தப்பான பட்டனுக்கே விரல் போகும். பிரிட்டனில் பார்பரா வில்சன், ஆலன் பேட்லி இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கடுமையான நினைவிழப்பு உள்ளவர்கள், தப்பு செய்ய இடமே கொடுக்காமல் கற்றுக்கொடுத்தபோது நன்றாகக் கற்றார்கள். பிறகு இந்த முறை அல்சைமரின் ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்களுக்கும் பயன்படுத்தப்பட்டது.

இதை வீட்டில் செய்வது எளிது. ஒரு நேரத்தில் ஒரே வேலை. உதாரணத்துக்கு, அழைப்பை எடுப்பது. நீங்கள் அடுத்த அறையிலிருந்து அழையுங்கள். பக்கத்தில் அம்மா இருக்கட்டும். மணி அடித்ததும், அவர் விரல் தடுமாறுவதற்கு முன்பே, "பச்சையைத் தொட்டு மேலே தள்ளுங்க" என்று அம்மா சொல்ல வேண்டும். போன் அவர் கையிலேயே இருக்க வேண்டும். வாங்கி நாம் செய்துகாட்டினால் கற்பது நம் கைதான். அடுத்த முறையும் அதே சொல். நாளுக்கு ஒரு சொல்லாக மாற்றாதீர்கள். அம்மாவும் நீங்களும் அண்ணனும் ஒரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். தடையின்றி நடக்கத் தொடங்கியதும் வாசகத்தைக் குறையுங்கள். முதலில் "பச்சையைத் தொட்டு", அப்புறம் "பச்சை", அப்புறம் ஒன்றும் சொல்லாமல்.

இடைவெளியையும் மெல்ல நீட்டுங்கள். ஒரு நிமிஷம் கழித்து ஒருமுறை, இரண்டு நிமிஷம் கழித்து, நாலு, எட்டு, பதினாறு. சரியாகச் செய்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். தடுமாறினால் உடனே சரியானதைக் காட்டிவிட்டு, கடைசியாக வெற்றி பெற்ற இடைவெளிக்குத் திரும்புங்கள். அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் அல்சைமர் உள்ளவர்களுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். நடுவில் காபி குடிக்கலாம், பேசிக்கொண்டிருக்கலாம். ஒரு நாளில் அரை மணி போதும். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் தினமும் குறித்த நேரத்தில் வீடியோ அழைப்பில் வாருங்கள். அதுவே பயிற்சி.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1986-இல் எலிசபெத் கிளிஸ்கி, டேனியல் ஷாக்டர், எண்டெல் டல்விங் மூவரும் நினைவிழப்பு உள்ளவர்களுக்குக் கணினிச் சொற்களை, குறிப்புகளைப் படிப்படியாகக் குறைத்துக் கற்பித்தார்கள். கற்றுக்கொண்டார்கள். ஆனால் கேள்வியின் வடிவத்தைச் சற்று மாற்றியதும் தடுமாறினார்கள். இப்படிக் கற்றது எந்தச் சூழலில் கற்றதோ அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அவர் பயன்படுத்தப்போகும் அதே போனில், அதே நாற்காலியில், அதே நேரத்தில் பழக்குங்கள். "பழசாகிவிட்டதே" என்று பிறந்தநாளுக்குப் புது மாடல் வாங்கிக்கொடுத்துவிடாதீர்கள். பழைய போன் பழுதானால் அதே மாடல் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள்.

பணம்

ஓய்வூதியம் வரும் கணக்கை போனிலுள்ள எந்தச் செயலியோடும் இணைக்காதீர்கள். சேமிப்பும் வைப்புத்தொகையும் அந்தப் பக்கமே இருக்கட்டும். இரண்டாவதாக ஒரு சிறிய கணக்கு தொடங்கி, அதில் பால், காய்கறி, மருந்துக்கான தொகையை மட்டும் மாதாமாதம் போட்டு அதை யூபிஐயோடு இணையுங்கள். எவ்வளவு பெரிய ஏமாற்றுக்காரனானாலும் யூபிஐ வழியாக அந்தக் கணக்கில் உள்ளதைத் தாண்டி எடுக்க முடியாது. இதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு. அப்பாவும் கடையில் தன் கையால் பணம் செலுத்திக்கொண்டிருப்பார்.

இன்னொரு வழி, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த "யூபிஐ சர்க்கிள்". ஒருவர் தன் கணக்கிலிருந்து செலவு செய்ய இன்னொருவரை அனுமதிக்கலாம். ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று வைக்கலாம். அல்லது உச்சவரம்புக்குள் அவரே செலவிடும்படி விடலாம். அறிமுகமானபோது அந்த வரம்பு மாதம் ரூ.15,000, ஒருமுறைக்கு ரூ.5,000. அப்பாவுக்கு இதில் பெரிய சௌகரியம், யூபிஐ பின் நம்பரை நினைவில் வைக்கத் தேவையில்லை என்பது.

பால்காரர் விஷயத்துக்கு: அவருக்குப் பணம் அனுப்பும் முன் ஜிபேயில் அவர் பெயரைத் தொட்டு, கடைசியாக எப்போது போனது என்று பார்ப்பதையே முதல் படியாக்கிப் பழக்குங்கள். சுவர்க் காலண்டரில் அந்தந்தத் தேதியில் "பால் கொடுத்தாச்சு" என்று அவர் கையாலேயே எழுதட்டும். பால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இரண்டாவது தடவை வந்தால் அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

ஏமாற்று அழைப்புக்கு நீளமான அறிவுரை நிற்காது. ஒரே வாசகம் பழக்குங்கள்: "என் பொண்ணுகிட்ட பேசுங்க", உடனே போனை வைத்துவிட வேண்டும். யார், எதற்கு, உண்மையா என்று ஆராயும் வேலையே வேண்டாம். நீங்களே வேறு குரலில் அழைத்து ஒத்திகை பாருங்கள். ஆனால் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. தெரியாமல் சோதித்தால் உங்கள் மேலுள்ள நம்பிக்கை போய்விடும்.

மறுபடி பணம் போனால் முதல் வேலையாக, இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அடுத்து வங்கி. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, ஓடிபியை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நடந்த இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பின் நடப்பது வங்கியின் பொறுப்பு. எனவே திட்டுவதால் ஒரு தீங்கு உண்டு: அடுத்த முறை அவர் உங்களிடம் மறைப்பார். "சொன்னீங்களே, நல்லதாப் போச்சு" என்று நீங்கள் சொல்லும் வீட்டில்தான் 1930-க்கு நேரத்தோடு அழைப்பு போகும்.

வீட்டுக் கருவிகள்

டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் தனித்தனி ரிமோட் இருப்பதுதான் பாதிச் சிக்கல். டிவி ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் ஒன்றே இருக்கட்டும். அதிலும் ஆன்-ஆஃப், சத்தம், சேனல் தவிர மற்ற பட்டன்களை அட்டை வெட்டி ஒட்டி மூடிவிடுங்கள். அவர் பார்க்கும் நாலு சேனலின் எண்ணைப் பெரிதாக எழுதி டிவிக்குக் கீழே ஒட்டுங்கள்.

மோட்டாருக்கு நினைவூட்டல் வேண்டாம். தொட்டி நிரம்பினால் தானாக நிறுத்தும் கருவி எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். எதைத் தானியங்கியாக்குவது, எதை அவர் கையில் விடுவது என்பதற்கு என் அளவுகோல் இது: செய்வதில் அவருக்குச் சந்தோஷம் இருந்தால் விடுங்கள். காவல் காப்பது மட்டுமே வேலையென்றால் கருவிக்குக் கொடுங்கள். எந்த மாடல் வாங்கலாம் என்று அவரையே கேளுங்கள். மின்வாரியத்தில் பணியாற்றியவருக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும். பொருத்துவதை இன்னொரு எலக்ட்ரீஷியன் செய்யட்டும், அப்பா பக்கத்தில் நின்று மேற்பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தெருவாரின் மிக்ஸி அவரிடம் வருகிறது என்கிறீர்கள். ஸ்குரூடிரைவர் பிடித்த கை மறக்காது. ஆனால் மெயினை ஆஃப் செய்தோமா என்பது மறக்கும். தனியாக மின்வேலை செய்யக் கூடாது என்பதை இப்போதே அவரோடு பேசி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். பிளக் கழற்றிய மிக்ஸியைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தடை வேண்டாம்.

மாத்திரைக்கு போன் நன்றாக உதவும். இதன் பின்னால் ஒரு தந்தையின் கதை இருக்கிறது. கலிபோர்னியாவில் லாரி டிரெட்கோல்ட் என்ற பொறியாளரின் மகனுக்குத் தலையில் அடிபட்டு நினைவாற்றல் குறைந்தது. அவர் உளவியலாளர் நீல் ஹெர்ஷுடன் சேர்ந்து, குறித்த நேரத்தில் செய்ய வேண்டியதைப் பேஜரில் அனுப்பும் "நியூரோபேஜ்" முறையை உருவாக்கினார். இதை பார்பரா வில்சன் குழு பிரிட்டனில் 143 பேரிடம் சோதித்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டது. பேஜர் இருந்த வாரங்களில் பெரும்பாலானோர் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். நேரமும் செய்தியும் சேர்ந்து வருவதுதான் இந்த முறையின் சிறப்பு. வெறும் மணி அடித்தால் "எதுக்கு அடிச்சுது?" என்ற குழப்பமே மிஞ்சும். உங்கள் குரலைப் பதிந்து அலாரமாக வையுங்கள்: "அப்பா, ராத்திரி எட்டு மணி. சாப்பாட்டு மேஜையில நீல டப்பா. இன்னைக்குக் கட்டத்துல உள்ள மாத்திரையைப் போடுங்க." கிழமை வாரியாகக் கட்டம் பிரித்த டப்பா இருந்தால், போட்டாரா என்பதை அம்மா ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார்.

அவருடைய கோபம்

"எனக்கு எல்லாம் தெரியும்" என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நேற்றுவரை தெரிந்திருந்தது. ஊருக்கே கருவி பழுது பார்த்தவரிடம், மகள் வந்து பச்சைப் பட்டனைக் காட்டுகிறாள். அந்த வலியை மதியுங்கள். "நான் சொல்லிக்கொடுக்கறேன்" என்பதை விட்டுவிட்டு, "இந்த போனை எல்லாரும் சேர்ந்து கெடுத்து வெச்சிருக்காங்கப்பா, உங்களுக்குத் தோதா மாத்திக்கலாம், வாங்க" என்று கூப்பிடுங்கள். அதுவும் பொய்யில்லை. யாரையும் கேட்காமல் பட்டனை இடம் மாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்றைக்கு அவரால் கருத்துச் சொல்ல முடிகிறது. போனில் யார் படம் முதலில் வர வேண்டும், எவ்வளவு பணம் கையில் வேண்டும், எந்தக் கட்டத்தில் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று இப்போதே கேட்டு, அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒருநாள் யூபிஐயை நிறுத்த வேண்டி வரும். அப்போது அது நீங்கள் பிடுங்கியதாக இருக்காது, அவர் எடுத்த முடிவை நிறைவேற்றியதாக இருக்கும்.

அதே காரணத்துக்காகச் சட்ட வேலைகளையும் தள்ளிப்போடாதீர்கள். பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் மனநிலைத் தகுதி இழந்தால் அது செல்லாது. சரியாகத் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். ஓய்வூதியக் கணக்கில் அம்மாவையும் சேர்த்து, இருவரில் யாரும் இயக்கலாம் என்று மாற்றிக்கொள்ள முடியுமா என வங்கியில் கேளுங்கள். நாமினி, உயில் இரண்டையும் அவர் தெளிவாக இருக்கும்போதே முடியுங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வங்கி வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. கேட்டுப் பெறுங்கள்.

எதை, எப்போது நிறுத்துவது

தெரியாதவர் சொல்வதைக் கேட்டு மறுபடி மறுபடி பணம் அனுப்பினால் யூபிஐயை நிறுத்துங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் கொடுங்கள். கண்ட இணைப்புகளையும் அழுத்திப் புதுச் செயலிகள் இறங்கினால் இணைய உலாவியை எடுத்துவிடுங்கள். செய்திகளைப் பார்த்துப் பதறினால் அந்தக் குழுக்களிலிருந்து விலக்குங்கள். ஒவ்வொன்றாக, கடைசியில் அழைப்பு மட்டும் மிஞ்சும். அந்த அழைப்பு வசதியை முடிந்தவரை பறிக்காதீர்கள். போனில் பேச முடியாத கட்டத்திலும் திரையில் உங்கள் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

இந்தப் போராட்டத்தில் உங்கள் குடும்பம் மட்டும் இல்லை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, அல்சைமரையும் உள்ளடக்கிய டிமென்ஷியா என்ற அறிவாற்றல் இழப்பு இருப்பதாக மதிப்பிட்டது. விபத்தாலோ பிறவியிலேயோ அறிவாற்றல் குறைந்த இளையவர்கள் இதில் சேரவில்லை. அவர்களுக்கும் இதே ஓடிபிதான் வருகிறது: குறுஞ்செய்தியைத் திற, ஆறு இலக்கத்தை மனதில் பிடி, பழைய திரைக்குத் திரும்பு, நேரம் முடிவதற்குள் தட்டு. சரியாக அவர்களுக்கு எது முடியாதோ அதையே கேட்கிறது இந்தப் பூட்டு. 2023 அக்டோபரில் வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறையின் 2.2 பதிப்பு, உள்ளே நுழைய ஒருவரின் நினைவாற்றலைச் சோதிப்பதை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு டிஜிட்டல் சேவைகள் கிடைப்பது வாழும் உரிமையின் பகுதி என்று நம் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அப்டேட் வந்தாலும் பழைய திரையை வைத்துக்கொள்ளும் வசதியும், அவசரப்படுத்தாத திரையும், மனிதர் எடுத்துப் பேசும் வாடிக்கையாளர் சேவையும் சலுகைகள் இல்லை, நாம் கேட்க வேண்டியவை. வங்கிக்கு எழுதுங்கள், செயலியின் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் ஒரு கடிதம் 88 லட்சம் பேருக்கானது.

உதவிக்கு, முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்ஷியாவுக்கென்று டெம்கேர்ஸ் மையத்தை நடத்துகிறது. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற இந்திய அல்சைமர் சங்கம் பராமரிக்கும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. உங்கள் அம்மாவுக்கும் பேச ஆள் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். முதல் பயணத்தில் சின்னக் கணக்கும் ஆர்சிசிபியும். அடுத்ததில் முதல் திரையும் அழைப்பை எடுக்கும் பயிற்சியும். அதற்கடுத்து ரிமோட்டும் மாத்திரை அலாரமும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து, எது இன்னும் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று பாருங்கள். நின்றதை எளிமையாக்குங்கள், ஓடுவதைத் தொடாதீர்கள். அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: தினமும் மாலை ஒரே நேரத்தில் அப்பாவுக்கு வீடியோ அழைப்பு. பட்டன் போன் வாங்கும் காசைவிட அதுதான் அப்பாவுக்கு உதவும்.